மன்னிப்புப் பவனி

டிசம்பர் பிறந்துவிட்டால் ஆசிருக்குக் கை நமநமவென்று இருக்கும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். வருமானச் சான்றிதழ், ரயில் டிக்கெட், பரீட்சை விண்ணப்பம், ஆதாரில் அப்பா பேரில் விழுந்த எழுத்துப் பிழை என்று காலையிலிருந்து ஆள் நிற்கும். கூட்டம் ஓய்கிற மத்தியானத்தில் ஊர்ப் பேரைச் சுருக்கி ‘சங்கைச் சாளரம்’ என்று பேர் வைத்த தன் வலைப்பக்கத்தில் எதையாவது எழுதுவான். மற்ற மாதங்களில் நாலு பேர் படித்தால் அதிகம். டிசம்பரில் மட்டும் துபாயிலும் சென்னையிலும் கிடக்கிற ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து விழுந்து விழுந்து படிப்பார்கள். வாசலில் தொங்குகிற நட்சத்திரம், தெரு முழுக்கச் சுற்றுகிற அச்சுமுறுக்கு வாடை, வீடு வீடாகப் பாடி வருகிற கேரல் பவனிக்குப் பின்னாலேயே ஓடுகிற தெருநாய் என்று எழுதி வைப்பான். ‘கண்ணீர் வந்துட்டு அண்ணா’ என்று கீழே பதில் வரும். அந்த ஒரு வரிக்காகவே வருஷம் முழுக்கக் காத்திருப்பான்.

இந்த வருஷம் ‘பண்டிகைக் காலம் என்றாலே’ என்று தட்டினான். அதற்கு மேல் ஓடவில்லை. தட்டியதைப் பார்க்கப் பார்க்க, பழைய எண்ணெய்ப் பலகாரத்தைத் தின்றதுபோல நெஞ்சைக் கரித்தது. அழித்துவிட்டு எழுந்து போய் வாசலில் நின்றான்.

வீட்டில் தங்கச்சி ஜெபிதா கையில் மாவுக்கட்டோடு இருந்தாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வென்ட் நாட்களின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் புருஷன் வீட்டிலிருந்து வந்தாள். தூறல் விடவில்லை. ஆட்டோவிலிருந்து ஒரு கையால் கம்பியைப் பிடித்து இறங்கினாள். இடது கை கழுத்தில் தொங்கியது.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் அண்ணே,” என்றாள்.

ஆசிர் நம்பினான். நம்புவது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. அவன் பெண்டாட்டி ஹெப்சி நம்பவில்லை. அவள் நடுநிலைப் பள்ளிக்கூடத்து டீச்சர். வகுப்பில் பொய் சொல்கிற பிள்ளையைக் காலைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். ஜெபிதாவை அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போய், சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்து, அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

“ஏட்டி, பாத்ரூம்ல விழுந்தா முட்டி தேயும், இடுப்பு பிடிக்கும். மணிக்கட்டு எப்படிட்டி பின்னால திரும்பும்?”

ஜெபிதா டம்ளரை ஓரமாக வைத்தாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“அவரு திருப்புனாரு மைனி. கிரைண்டர் விளிம்புல வச்சி.”

“என்னத்துக்கு?”

“என்னத்துக்குன்னு கேக்காதிய. காரணம்னு ஒண்ணு இருந்தா நான் அத விட்டுத் தொலைச்சிருக்க மாட்டேனா? கல்யாணம் ஆன நாள்லருந்து அதத்தான தேடுதேன்.”

ஆசிர் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஜெபிதாவின் மாப்பிள்ளை சாம்ராஜ் ஊரில் பெயிண்ட் கடை வைத்திருந்தான். அதைவிட, சபையில் பாடுகிறவன். அவன் பாடினால் கல்லும் கரையும் என்பார்கள். துக்க வீட்டில் அவன் ஒரு சரணம் எடுத்தால், செத்தவரைத் தெரியாதவன்கூட மூக்கைச் சிந்துவான். கடைப் பையனை அவன் அதட்டி ஒரு ‘ஏலே’ சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆசிரே போன டிசம்பரில் ‘எங்கள் சபையின் குரல்’ என்று அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான், இருநூறு பேர் பாராட்டியிருந்தார்கள்.

அன்றைக்கு ஆசிர் சொன்னது இதுதான்: “பண்டிகை முடியட்டும் ஜெபி. பொறவு பேசுவோம். இப்பம் வாயத் தொறந்தா ஊரே நாறிரும்.”

“சரி அண்ணே,” என்றாள் ஜெபிதா.

ஹெப்சி கையிலிருந்த கரண்டியைத் தொட்டிக்குள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது.

மறுநாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் வத்தல் மண்டி தாவீது அண்ணாச்சி. மிளகாய் வியாபாரி, சபைக்குச் செயலாளர். அவர் வந்து போனால் நாற்காலியில்கூட நெடி இருக்கும். ஒரு பிளம் கேக்கை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“தோத்திரம் தம்பி. பிள்ள எப்படி இருக்கா?”

“இருக்கா அண்ணாச்சி.”

“சாம்ராஜப் பாக்கச் சகிக்கல வே. கடைல உக்காந்து அழுதான். ரெண்டு நாளா பச்சத்தண்ணி பல்லுல படல.”

“இவ கை…”

“கை கூடிரும். எலும்புதான? குடும்பம் ஒடைஞ்சா கூடாது பாத்தீரா.”

உள்ளே இருந்து ஹெப்சியின் குரல் வந்தது. “ஒடைச்சது யாருன்னு கேக்கலாமா அண்ணாச்சி?”

தாவீது அண்ணாச்சி சுவரில் இருந்த வசனக் காலண்டரைப் பார்த்துச் சிரித்தார். “டீச்சருக்குக் கோவம். நியாயந்தான். ஆனா யோசிச்சுப் பாரும் தம்பி, இது ரட்சகர் பிறக்கிற மாசம். பகையெல்லாம் தீரணும். இருபத்தஞ்சாந்தேதி காலைல ரெண்டு பேரும் ஒரே கார்ல வந்து கோயில் வாசல்ல எறங்கணும். சபைக்கு அதவிட ஒரு கிறிஸ்மஸ் பரிசு உண்டுமா?”

“அவகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்லா அண்ணாச்சி.”

“கேளும், கேளும். கேட்டு, நல்ல பதிலா வாங்கி வையும்.”

அதற்குப் பிறகு பெண்கள் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். ஒரு கேக். ஞாயிறு பள்ளி டீச்சர்கள் வந்தார்கள். ஒரு கேக். சபைக் குருவானவர் வந்தார். அந்தப் பக்கத்தில் அவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஐயரம்மா கையில் ஒரு கேக். எல்லாரும் ஜெபிதாவின் கட்டுப்போட்ட கையைத் தடவிக் கொடுத்தார்கள். யாருமே எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவ்வளவு கவனமாக இருந்தார்கள்.

“கோவத்துல கைய நீட்டாத ஆம்பள எங்கன இருக்கான் சொல்லு,” என்றாள் ஒருத்தி.

“ஒரு பிள்ளையிருந்தா எல்லாம் சரியாயிருக்கும். வீட்டுல ஒரு சிரிப்புச் சத்தம் வேணும்லா,” என்றாள் இன்னொருத்தி.

தாவீது அண்ணாச்சியின் வீட்டம்மா ஞானபூரணம் மட்டும் ஒன்றும் சொல்லாமல் கேக்கை வெட்டுவதும் தட்டில் வைப்பதுமாக இருந்தாள்.

ஜெபிதா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர்கள் போன பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தால் பால் வைக்க இடமில்லை. எஸன்ஸ் வாடையும் ஊறின திராட்சை வாடையும் வீடு முழுக்க அடித்தது. ஆசிருக்கு அந்த வாடை பிடிக்கும். சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ரெண்டு கேக்கைத் தூக்கிப் போய் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் கொடுத்தான்.

டீக்கடை ரசூலுடையது. அவன் ஆசிரின் வயசுக்காரன்.

“என்ன ஆசிரு, கேக்கு மழையா? சரி, அது கெடக்கட்டும். இந்த வருசம் ஏன் ஒண்ணும் எழுதல? எம் மவ கத்தார்லருந்து கேக்கா, மாமாவுக்கு ஒடம்பு சொகமில்லையான்னு.”

ஆசிர் சொன்னான். யாரிடமும் சொல்லாததை, பாய்லர் புகையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான். ரசூல் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தான்.

“எங்க ஜமாஅத்துலயும் இதே கததான். பெருநாளுக்கு முந்துன வாரம் பஞ்சாயத்து வச்சிருவாங்க. தொழுகைக்குப் போவும்போது எல்லாம் சரியா இருக்கணும்லா. நானும் ஒரு தடவ உக்காந்தேன். ஒரு பிள்ளயப் புருசன்கிட்டயே திருப்பி அனுப்பி வச்சோம்.”

“பொறவு?”

“பொறவு என்ன. அந்தத் தெருப்பக்கம் நான் போறதில்ல.” கேக்கைப் பிரித்துப் பார்த்து மூடினான். “இத நீயே எடுத்துட்டுப் போயிரு ஆசிரு. தொண்டைல எறங்காது.”

வருஷா வருஷம் சபையில் பாதி வீடு ஜெபிதாவிடம்தான் அச்சுமுறுக்குக்குச் சொல்லி வைக்கும். அவள் கைப்பக்குவம் அப்படி. வாயில் போட்டால் நொறுங்கும், எண்ணெய் ஒட்டாது. இந்த வருஷம் ஒருத்தரும் கேட்கவில்லை. புருஷன் வீட்டை விட்டு வந்தவள் கையால் பண்டிகைப் பலகாரம் வாங்கினால் நல்லதில்லை என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது.

“மைனி, பச்சரிசி ஊறப் போடுங்க,” என்றாள் ஜெபிதா ஒருநாள். “நம்ம வீட்டுக்குச் சுடுவோம். ஒத்தக் கையி போதும். நீங்க மாவக் கலக்குங்க, நான் அச்சப் பிடிக்கேன்.”

அன்றைக்குத்தான் மழை வெறித்து வெயில் வந்திருந்தது. புறவாசலில் அடுப்பை மூட்டினார்கள். தேங்காய்ப்பால், முட்டை, சீனி, எள், ஒரு சிட்டிகை உப்பு எல்லாம் சேர்த்துக் கரைத்த மாவு தோசைமாவை விடத் தண்ணியாக இருக்கவேண்டும். ஹெப்சி கலக்கியது களிபோல இருந்தது. ஜெபிதா சிரித்தாள். அச்சை எண்ணெய்க்குள் வைத்துச் சூடேற்றி, விளிம்பு முங்காமல் மாவில் தோய்த்து, திரும்ப எண்ணெய்க்குள் விட்டு ஒரு குலுக்கு. பூப்போல மாவு கழன்று மிதந்து சிவக்கும். சூடு பற்றாவிட்டால் மாவு அச்சைப் பிடிக்காது. கூடிப் போனால் ‘சுர்’ரென்று வெந்து அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினதைக் குத்தி எடுக்க இன்னொரு கை வேண்டும். ஹெப்சிதான் அந்தக் கை. முதல் பத்துப் பதினைந்து கருகின.

“டீச்சரம்மா, பரீட்சைல ஃபெயிலு.”

“ஏட்டி போ, நீ சொல்லிக் குடுத்த லட்சணம்.”

ரெண்டு பேரும் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு ஆசிர் முன்னறையில் உட்கார்ந்திருந்தான். ஜெபிதா இந்த வீட்டுக்கு வந்து இத்தனை நாளில் சிரித்தது அன்றைக்குத்தான். வெளியே போய் அவளோடு சேர்ந்து சிரிக்க அவனுக்கு முகமில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தாவீது அண்ணாச்சியின் போன் வந்தது. “தம்பி, நாளைக்குக் கேரல் பவனி. இந்த வருசம் மொத வீடு உங்க வீடு. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துருவோம்.”

முதல் வீடு என்பது மரியாதை. பல வருஷமாக அது அண்ணாச்சி வீடாகத்தான் இருந்தது. ஆசிருக்குச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் ‘சரி அண்ணாச்சி’ என்றுதான் வாயில் வந்தது.

மறுநாள் பொழுது சாயும்போது தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டது. மினி லாரியில் நட்சத்திரம், ஜெனரேட்டர், கீபோர்டு. அதற்கு முன்னால் சிவப்பு உடுப்பும் பஞ்சுத் தாடியும் பிளாஸ்டிக் முகமூடியுமாக ஒரு கிறிஸ்மஸ் தாத்தா, மிட்டாயை வாரி இறைத்துக்கொண்டு ஆடி வந்தார். சின்னப் பிள்ளைகள் காலுக்குள் விழுந்து பொறுக்கின. முன்னறைக்குள் ஐம்பது பேர் அடைந்துகொண்டார்கள். ஐயர் ஜெபம் பண்ணினார். ஒரு பாட்டு முடிந்தது. பாட்டில் வழக்கமான அந்தக் குரல் இல்லை. ஆசிர் கண்ணால் தேடினான். சாம்ராஜ் இல்லை. வராமல் இருந்தானே, அந்த மட்டுக்கும் வெட்கம் உண்டு என்று நினைத்தான்.

ஜெபிதா ஒரு கையில் அச்சுமுறுக்குத் தட்டோடு அடுக்களையிலிருந்து வந்தாள்.

தாத்தா ஆடுவதை நிறுத்தினார். கூட்டம் விலகி வழி விட்டது. ஆசிருக்கு அப்போதுதான் உறைத்தது: எல்லார் கையிலும் செல்போன் ஏற்கெனவே உயர்ந்திருந்தது. யாரோ தாத்தா கையில் மைக்கைக் கொடுத்தார்கள். தாத்தா ஜெபிதா காலடியில் மண்டியிட்டார்.

“ஜெபி… என்ன மன்னிச்சிரு ஜெபி.”

முகமூடிக்குள்ளிருந்து வந்தது சாம்ராஜின் குரல். அந்தக் குரல்தான், நெஞ்சைப் பிசைகிற குரல். பெண்கள் முந்தானையை வாயில் வைத்தார்கள். ஒருத்தி விம்மியே விட்டாள். ‘தோத்திரம், தோத்திரம்’ என்றார் தாவீது அண்ணாச்சி. கீபோர்டுக்காரன் மெல்லிசாக ஒரு ராகத்தைப் பிடித்தான். சொல்லி வைக்காமல் இவ்வளவு பொருத்தமாக விரல் அந்தக் கட்டையில் விழாது. ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

ஜெபிதா தட்டை டிவி மேசையில் வைத்தாள்.

“அதக் கழத்துங்க,” என்றாள்.

சாம்ராஜ் முகமூடியைக் கழற்றினான். வியர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தது. தாடிப் பஞ்சு கன்னத்தில் ஒட்டியிருந்தது. ‘ச்சொ… ச்சொ’ என்றது கூட்டம்.

“எதுக்கு மன்னிக்கணும்?”

மைக் அவன் கையில் இருந்ததால் அவள் கேட்டதும் அதில் விழுந்து தெருவரைக்கும் கேட்டது.

“எல்லாத்துக்கும் ஜெபி. நான் செஞ்ச எல்லாத்துக்கும்.”

“எல்லாத்துக்கும்னா எதெதுக்கு? சொல்லுங்க. மைக்கு உங்க கையிலதான இருக்கு. இந்தக் கைக்கா? எடது காது கேக்காமப் போச்சே, அதுக்கா?” அவள் குரல் உயரவில்லை. கடையில் நின்று சாமான் பேர் சொல்வதுபோலத்தான் சொன்னாள். “மாடிப்படில வச்சித் தள்ளுனியளே, அதுல கலைஞ்சு போன பிள்ளைக்கா? எதுக்குன்னு சொன்னாத்தான எதுக்கு மன்னிக்கேன்னு எனக்குத் தெரியும்?”

கீபோர்டு நின்றது. அந்தப் பிள்ளையைப் பற்றி ஆசிருக்குத் தெரியாது. அவன் ஹெப்சியைப் பார்த்தான். அவளுக்கும் தெரியாது என்று முகத்தில் தெரிந்தது. ‘வீட்டுல ஒரு சிரிப்புச் சத்தம் வேணும்’ என்று சொன்ன பெண்பிள்ளை தரையைப் பார்த்தாள். மற்றவர்களும் சுவர், நட்சத்திரம், செருப்பு என்று ஆளுக்கொரு இடத்தைப் பார்த்தார்கள்.

சாம்ராஜ் மைக்கைத் தாழ்த்தினான். ஜெபிதாவைப் பார்க்கவில்லை, தாவீது அண்ணாச்சியைப் பார்த்தான்.

அண்ணாச்சி டிரம்காரனுக்குக் கையைக் காட்டினார். “ஆண்டவருக்குத் தோத்திரம்! எல்லாரும் சேந்து சந்தோசமாப் பாடுவோம்!”

டிரம் இடித்தது. ஐம்பது பேரும் கை தட்டிப் பாடினார்கள். ஜெபிதா மறுபடி ஏதோ கேட்டாள். உதடு அசைந்தது தெரிந்தது, சத்தம் அமுங்கிப் போயிற்று. பாடிக்கொண்டே கூட்டம் வாசலுக்கு நகர்ந்தது. பாடிக்கொண்டே தெருவில் இறங்கியது. ஆசிர் வாசல்வரை போய்ப் பார்த்தான். நாலு வீடு தள்ளி, சிவப்பு உடுப்பு முகமூடியை மாட்டிக்கொண்டு, இடுப்பை வெட்டி வெட்டி ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மிட்டாய்க்கு விழுந்தடித்தன.

திரும்பி வந்தபோது ஹெப்சி துடைப்பத்தால் முன்னறையில் சிதறிக்கிடந்த மிட்டாய்களை ஒன்றுவிடாமல் கூட்டி முறத்தில் வாரிக்கொண்டிருந்தாள். ஜெபிதா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள்.

“கொஞ்சம் உப்புப் பத்தல மைனி,” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

விடிந்ததும் ஊர் முழுக்க வீடியோ ஓடியது. தாத்தா மண்டியிடுவது, முகமூடியைக் கழற்றுவது, கண்ணீர் வழிகிற முகம். அதோடு வெட்டிவிட்டு, பின்னணியில் ஒரு பாட்டைச் சேர்த்து, இதயம் இதயமாகப் பறக்க விட்டிருந்தார்கள். ‘தாழ்மையின் உச்சம்.’ ‘இப்படி ஒரு கணவன் கிடைக்க என்ன தவம் செய்தாளோ.’ ‘இதற்குப் பிறகும் இரங்காத மனம் கல்லா?’ பார்த்தவர்கள் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. முன்னறையில் நின்று அவள் கேட்டதைக் காதால் கேட்ட ஆட்களே அதற்குக் கீழே கை கூப்பியிருந்தார்கள்.

மத்தியானம் தாவீது அண்ணாச்சி கடைக்கே வந்துவிட்டார்.

“தம்பி, இத நீரு எழுதணும். உம்ம கையால எழுதுனா அது வேற. ‘எங்கள் ஊரின் மிக அழகான கிறிஸ்மஸ்’னு தலைப்பக் குடும்.”

“அவ கேட்டதுக்கு அவன் பதில் சொல்லலியே அண்ணாச்சி.”

“அது உணர்ச்சில பேசுனது வே. அதையெல்லாம் விட்டுரும்.”

“பிள்ள போனதையுமா?”

“முடிஞ்சு போன காரியம். அதக் கிண்டுனா யாருக்கு லாபம்? உம்ம தங்கச்சி பேருதான் கெடும்.” எழுந்து நின்று தோளைத் தட்டினார். “உம்மளத்தான் நம்பியிருக்கேன். கிறிஸ்மஸ் அன்னைக்கு வேதபாடம் வாசிக்க உம்ம பேரத்தான் போட்டிருக்கேன்.”

தோளில் வத்தல் நெடி ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது. ஆசிர் கடைக்கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தான். நாற்காலியை இழுத்து ஜெபிதா எதிரே போட்டான்.

“பண்டிகை முடியட்டும்னு நான் சொல்லியிருக்கக் கூடாது,” என்றான்.

“ஆமா,” என்றாள் அவள். ‘பரவாயில்ல அண்ணே’ என்று சொல்லவில்லை.

“நான் எழுதப் போறேன். நேத்து நீ கேட்டது எல்லாத்தையும். உம் பேரு வேண்டாம்னா…”

“எம் பேரப் போடு. அவரு பேரையும் போடு. ‘ஒரு சகோதரி, ஒரு சகோதரன்’னு எழுதாத. அப்படி எழுதிட்டா எல்லாரும் வேற யாரையோன்னு நெனச்சிக்கிடுவாங்க.”

ஹெப்சி பக்கத்தில் வந்து நின்றாள். “கடைக்கு ஆள் வராது. என்னையப் பள்ளிக்கூடத்துல கூப்பிட்டு விசாரிப்பாங்க. தெரிஞ்சுதான எழுதுதிய?”

“தெரியும்.”

“அப்பம் எழுதுங்க. நான் பிழ பாத்துத் தாரேன்.”

அழகு எதுவும் இல்லாமல் எழுதினான். நட்சத்திரம் இல்லை, பனி இல்லை. எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் மைக்கைக் கொடுத்தது, அவள் என்ன கேட்டாள், யார் டிரம்முக்குக் கை காட்டினார். ‘என் தங்கை கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. கேள்வியைக் காதால் கேட்ட ஐம்பது பேர் அந்த அறையில் பாடிக்கொண்டிருந்தார்கள். பாடாமல் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை’ என்று முடித்தான். மறுநாள் ஹெப்சி லீவு போட்டு ஜெபிதாவைக் கூட்டிக்கொண்டு போய், போலீஸில் புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வழக்கு அதன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

கண்ணீர் வந்துட்டு அண்ணா என்று அந்தப் பக்கத்தில் யாரும் எழுதவில்லை. துபாய்க்காரர் ஒருத்தர், ‘குடும்ப விஷயத்தை இப்படிச் சந்தி சிரிக்க வைக்கலாமா, அதுவும் இந்த நாட்களில்’ என்று கேட்டிருந்தார். சபை வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஆசிரை நீக்கினார்கள். வேதபாடத்துக்கு வேறு பேர் போட்டார்கள். கேக் வருவது நின்றது. அது ஒன்றுதான் நல்லது.

கிறிஸ்மஸ் அன்று விடியக்காலை ஆராதனை. ‘ஏட்டி, வீட்டுலயே இரு, நான் துணைக்கு இருக்கேன்’ என்றாள் ஹெப்சி. ஜெபிதா கேட்கவில்லை. ஒரு கையால் சேலை கட்ட வராது, ஹெப்சி கட்டிவிட்டாள். கோயிலில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். புருஷனை விட்டு வந்தவர்கள் வழக்கமாகக் கடைசிப் பெஞ்சில் தூணோரம் உட்காருவார்கள். யாரும் சட்டம் போட்டதில்லை. அவர்களாகவே அங்கன போய்விடுவார்கள். ஜெபிதா நடுப்பாதையில் நேராக நடந்தாள். பட்டுச் சேலைகள் சரசரத்துத் திரும்பின. முதல் பெஞ்சில், பாடகர் குழுவுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஐயரம்மா கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். இடம் கொடுக்கவா, ஒட்டாமல் இருக்கவா என்று சொல்ல முடியாது.

சாம்ராஜ் பாடினான். ஜெபிதா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முறைக்கவில்லை, அழவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அவன் தொண்டை ஒரு இடத்திலும் பிசகவில்லை. ஜனங்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

“நல்லாத்தான் பாடுனாரு அண்ணே,” என்றாள் வீட்டுக்கு வந்ததும். ஆசிருக்கு அதுதான் தாங்கவில்லை. அந்தக் குரல் இன்னமும் நன்றாக இருந்தது. கேட்டபோது அவனுக்கே ஒரு நொடி புல்லரித்தது. வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தான்.

வருஷப் பிறப்பு ஆராதனையிலும் முதல் பெஞ்சு. அதற்கடுத்த ஞாயிறும் முதல் பெஞ்சு. கட்டைப் பிரித்தபோது கை கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. அந்தக் கையை மடியில் மேலே தெரிகிறமாதிரி வைத்துக்கொள்வாள். “வெக்கங்கெட்டவ,” என்றார்கள் வெளியே செருப்பு மாட்டும்போது, காதில் விழும்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாவீது அண்ணாச்சி வீட்டம்மா ஞானபூரணம் தன் வழக்கமான இடத்தை விட்டு எழுந்து வந்து ஜெபிதா பக்கத்தில் உட்கார்ந்தாள். எதற்கு வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் அண்ணாச்சி பாட்டுப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை ஆசிர் பார்த்தான்.

சாம்ராஜுக்கு முதலில் இருமல் வந்தது. பிறகு ஒரு சரணத்தை வேறு ஆளுக்கு விட்டான். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கியபோது பாடகர் குழுவில் அவன் இடம் காலியாக இருந்தது. நல்ல பாட்டுக்காரனை இந்தப் பொம்பள விரட்டிவிட்டாளே என்று சபையே பொருமியது. அவன் இவளை அடித்து விரட்டினதற்கு யாரும் இவ்வளவு பொருமவில்லை.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் ஆசிர் ரசூல் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஊர் ராயகிரியிலிருந்து சான்றிதழுக்கு வந்த ஒரு ஆள் பேச்சுவாக்கில் சொன்னார். “உங்க ஊரு பெயிண்ட் கட சாம்ராஜ் தம்பி இப்பம் எங்க சபைக்குத்தான் வாராரு. என்ன கொரலுங்கிய! போன வாரம் சபைக்கு முன்னால எந்திரிச்சு நின்னு சாட்சி வேற சொன்னாரு. கோயிலே அழுதிச்சி.”

“என்ன சாட்சி?”

“பெஞ்சாதி பொய்ப்பழி சொல்லி விட்டுட்டுப் போயிட்டாளாம். பாவம், அவ மேல ஒரு கசப்பும் இல்லேன்னாரு. ‘நான் அவள மன்னிச்சிட்டேன்’னு சொன்னாரு பாருங்க.”

ரசூல் பாய்லரை விட்டுத் திரும்பி ஆசிரைப் பார்த்தான். ஆசிர் பாதி டீயை அப்படியே சாக்கடையில் ஊற்றினான்.

வீட்டில் ஜெபிதா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தான். அப்படி யோசித்ததை நினைத்துத் தன் மேலேயே அருவருத்து, கேட்டது அத்தனையையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான்.

ஜெபிதா புளிச்சக்கையைப் பிழிந்து ஓரமாக வைத்தாள். கையை அலம்பினாள்.

“மன்னிச்சிட்டாராமா?”

“ஆமா.”

“எதுக்குன்னு சொன்னாராமா?”

“இல்ல.”

ஹெப்சி அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்றாள். குழம்புச் சட்டி அடுப்பில் காய்ந்து புகைந்தது. யாரும் போய் இறக்கவில்லை.

“அண்ணே,” என்றாள் ஜெபிதா, “ஞாயித்துக்கெழம ராயகிரிக்கு மொத பஸ்சு எப்பம்?”